கழுத்தின் இடப்பக்கம்

இன்ஷிராஹ் ஊசி போட்டால் வலிக்காது. ஸிஃப்தா ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பதினேழு வயதில் செவிலியர் படிப்பை முடித்து ஆற்றங்கரைச் சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். லாரி ஓட்டிய கணவன் பாலைவனச் சாலையில் இறந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு பெண்களையும் அந்த ஊசியை வைத்தே படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள். நிலையத்து வேலையை விட்ட பிறகும் ஓயவில்லை. துணிப்பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். மருந்துக்கடைக்காரர்களே மருந்தோடு அவளுடைய தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் அப்லா, அதாவது அக்கா.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. குத்துவதற்கு முன், "நேத்து என்ன சாப்பிட்டே?" என்று கேட்பாள். யோசித்துப் பதில் சொல்வதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். கைராசிக்காரி என்று பெயர் வாங்கியவள். இப்போது அவளை யாரும் அதிகம் கூப்பிடுவதில்லை. அதற்குக் காரணம் அவளே.

நீர்த்தொட்டித் தெருவில், ஹஜ் போய்வந்த மூதாட்டி ஹாஜ்ஜா அவாதிஃபின் வீட்டுக்கு இன்ஷிராஹ் தினமும் மாலையில் போவாள். ஹாஜ்ஜாவுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போட வேண்டும். வீடு மூன்று மாடி. தரைத்தளத்தில் ஹாஜ்ஜா, முதல் மாடியில் மூத்த மகன் குடும்பம், இரண்டாவதில் இளைய மகன் ஸாமிஹின் மனைவி ரிஹாப். அதற்கு மேலே மொட்டைமாடியும் ஸாமிஹின் புறாக்கூண்டும். ஸாமிஹ் குவைத்தில் மின்வேலை பார்த்தான். வருடத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாத விடுப்பில் வருவான். கல்யாணமாகி நான்கு வருடம். ரிஹாபுக்குக் குழந்தை இல்லை.

போன வருடம் ரமலானுக்கு முந்திய மாதம், இன்சுலின் போட்டுவிட்டுக் கிளம்பியவளை ரிஹாப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள்.

"அப்லா, நாளையிலேருந்து எனக்கும் ஒரு ஊசி போடணும். பதினோரு நாள். கீழே கேட்டா முதுகு வலிக்கு வைட்டமின்னு சொல்லு."

"வைட்டமின் இல்லன்னா என்னது?"

ரிஹாப் அவளை மேலே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். தன்தா நகரத்தில் ஒரு மருத்துவமனை. முட்டைகளை வெளியே எடுத்து, கருவாக்கி, திரும்ப உள்ளே வைக்கிறார்கள். அதற்கு முன் சூலகத்தைத் தூண்டும் ஊசி. மாதம் ஒன்று முதிர வேண்டிய இடத்தில் பத்துப் பதினைந்து முதிரும். ஸாமிஹுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியக்கூடாது.

"தெரிஞ்சா என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா அப்லா? ஆஸ்பத்திரியில குழாய் மாறிப்போச்சு, யார் பெத்த பிள்ளையோன்னு அது பள்ளிக்கூடம் போற வரைக்கும் சொல்லுவாங்க. சத்தியம் பண்ணு."

மேசையில் கிடந்த ரொட்டியை எடுத்து நீட்டினாள். இன்ஷிராஹ் அதன்மேல் கைவைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அந்த ஊரின் பாதி ரகசியம் அவள் பையில்தான் இருந்தது.

பதினோரு நாளும் ஊசி போட்டாள். ஒன்பதாம் நாள் ரிஹாபுக்கு வயிறு கனத்தது. தன்தா மருத்துவர் திரையைப் பார்த்துவிட்டு, திராட்சைக் குலை மாதிரி இருக்கிறது என்றாராம். ரமலான் முதல் நாள் எடுத்த முட்டைகள் இருபத்தெட்டு.

"இருபத்தெட்டு!" என்று வாய்விட்டுச் சொன்னாள் இன்ஷிராஹ். "கோழிப்பண்ணை வெக்கலாம்போல."

ரிஹாப் சிரித்தாள். சிரித்தபடியே அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் பயந்துவிட்டார் என்றாள். கருக்களை உறையவைத்துவிடலாம், உடம்பு அடங்கட்டும், இரண்டு மாதம் கழித்து உள்ளே வைக்கலாம் என்றாராம். ஸாமிஹும் அவளும் ஒரே குரலில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏன்டி? ரெண்டு மாசம்தானே?"

"ஸாமிஹ் அஞ்சாம் நோன்புக்கு விமானம் ஏறிடுவார். அவர் போய் ரெண்டு மாசம் கழிச்சு நான் கர்ப்பமானா, தெருவுல எனக்கு என்ன பேர் வெப்பாங்க?"

நான்காம் நாள் கருவை வைத்தார்கள். மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: தினம் மூன்று லிட்டர் தண்ணீர், தினம் காலையில் எடை. வயிறு வீங்கினால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால் உடனே வர வேண்டும். நோன்பு கூடவே கூடாது. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்.

முதல் நாளும் நான்காம் நாளும் ரிஹாப் நோன்பு இருக்கவில்லை. பயணம் போகிறவர்களுக்கு விலக்கு உண்டு, யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து இருக்க ஆரம்பித்தாள்.

கருவைத் தாங்கும் எண்ணெய் ஊசி ஒன்றைத் தினமும் போட வேண்டியிருந்ததால், ரமலான் மாலைகளில் இன்ஷிராஹ் முதலில் மேலே ஏறி அதைப் போட்டுவிட்டு, நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரத்துக்கு இன்சுலின் போடக் கீழே வருவாள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ ரிஹாபின் உதடு வெடித்திருப்பதைக் கண்டாள்.

"தண்ணி குடிக்கிறியா?"

"குடிக்கிறேன் அப்லா."

"எனக்குப் பேத்தி இருக்காடி. பொய் சொல்ற வாய் எப்படி இருக்கும்னு தெரியும்."

ரிஹாப் படிக்கட்டை எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அந்த வீட்டில் மருமகள்கள் நோன்பு விடும் நாட்களை ஹாஜ்ஜா எண்ணுவார். நோன்பு விட்டால் மாதவிலக்கு என்று அர்த்தம். ஸாமிஹ் போன பிறகு மாதவிலக்கு வந்தது என்று ஹாஜ்ஜா மனதில் குறித்துக்கொண்டால், அப்புறம் பிறக்கும் பிள்ளைக்கு நாள் கணக்கு உதைக்கும். "என் பிள்ளையோட மானம் அப்லா. முப்பது நாள் தாகத்தைப் பார்த்தா முடியுமா?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"என்ன உடம்புன்னு கேட்பாங்க. மாமி சர்க்கரையை வெச்சுக்கிட்டே நோன்பு இருக்காங்க. இருபத்தேழு வயசுக்காரிக்கு என்ன கேடுன்னு நெஸ்மா கேட்பா."

நெஸ்மா மூத்த மருமகள். மூன்று பிள்ளை பெற்றவள். கெட்டவள் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது.

பதினாறாம் நாள் ரத்தப் பரிசோதனையில் கரு தங்கியிருப்பது தெரிந்தது. ரிஹாப் இன்ஷிராஹின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அடங்கியிருந்த வயிறு அதற்கப்புறம் மறுபடி வீங்கத் தொடங்கியது. கர்ப்பம் சுரக்கும் அதே சுரப்பு சூலகத்தை மறுபடியும் தூண்டிவிடும் என்பது இன்ஷிராஹுக்கு அப்போது தெரியாது. ஒரு வாரத்தில் ஆறு கிலோ ஏறியிருந்தாள். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், சாதாரணம்தான் என்கிறார்கள் என்று ரிஹாப் சொன்னாள். இன்ஷிராஹ் நம்பவில்லை. ஆனால் நம்பியதுபோல இருந்துவிட்டாள்.

இருபத்திரண்டாம் நாள், ஹாஜ்ஜா வீட்டில் நோன்பு திறந்து எல்லாரும் பருப்பு சூப் குடித்துக்கொண்டிருந்தபோது நெஸ்மா கேட்டாள்: "ஏன் ரிஹாப், கவுனுக்குள்ளே தலையணையா வெச்சிருக்கே? நான் மூணு பெத்தவ. இது மூணு மாச வயிறு. ஸாமிஹ் வந்து ரெண்டு மாசம்தானே ஆச்சு?"

ரிஹாபின் கை கரண்டியோடு நின்றுவிட்டது.

"வாயைக் கழுவுடி, ரமலான் மாசத்துல," என்றார் ஹாஜ்ஜா. "அவரைக்காய்க் காத்து அது. விடியறதுக்கு முன்னே சஹர் நேரத்துல ரெண்டு தட்டு தின்னா உனக்கும் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் ஹாஜ்ஜாவின் கண் அந்த வயிற்றை விட்டு நகரவில்லை. மறுநாள் ரிஹாப் படுக்கை விரிப்பைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ஊசி போடத் துணியை நெகிழ்த்தியபோது கட்டின் தடம் சிவந்து கிடந்தது. தோல் மத்தளம்போல விறைத்திருந்தது. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டாள் இன்ஷிராஹ். ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் தேயிலைச் சாயம் மாதிரி என்றாள் ரிஹாப்.

அன்றைக்குத்தான் சொல்லிவிடுவது என்று இன்ஷிராஹ் படி இறங்கினாள். இரண்டு மாடி. ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியம் தயார் செய்தாள். கீழே ஹாஜ்ஜா, "வா, உக்காரு. உன் முகமே சரியில்லையே, நோன்பு ரொம்பப் படுத்துதா?" என்று ஒரு கிண்ணம் சூப்பை அவள் கையில் வைத்தார். இன்ஷிராஹ் உட்கார்ந்து குடித்தாள். இன்சுலின் போட்டாள். வீட்டுக்குப் போனாள்.

இருபத்துநான்காம் நாள் ரிஹாப் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தபடி கதவைத் திறந்தாள்.

"கழுத்து பிடிச்சிக்கிச்சு அப்லா. தலையணை மாறிப்போச்சுபோல. இந்தக் கையும் கனக்குது."

இடது கழுத்து. இன்ஷிராஹ் கருஞ்சீரக எண்ணெயைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். காதுக்குக் கீழிருந்து தோள்பட்டை வரை கட்டைவிரலால் இழுத்தாள். தோலுக்கு அடியில் இறுக்கமாக முறுக்கிய கயிறுபோல ஒன்று தட்டுப்பட்டது. பிடிப்பு விழுந்த தசை என்று நினைத்தாள். அதைக் கரைக்கிறவள்போல மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, மறுபடி மேலிருந்து கீழே.

"இன்னும் கொஞ்சம் அப்லா," என்றாள் ரிஹாப், கண்ணை மூடிக்கொண்டு. "ஒரு மாசத்துல இப்பத்தான் உடம்புக்குச் சுகமா இருக்கு."

கால் மணி நேரம் தேய்த்தாள்.

மறுநாள் ஹாஜ்ஜா வீட்டில் பெருநாளுக்கான பலகாரம் செய்துகொண்டிருந்தார்கள். தரை முழுக்கத் தட்டுகள். நெஸ்மா மாவு பிசைய, ரிஹாப் பேரீச்சம்பழ விழுதைக் கயிறு கயிறாக உருட்டிக்கொண்டிருந்தாள். நோன்பு திறக்கும் மஃரிப் நேரத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது இன்ஷிராஹ் உள்ளே நுழைந்தாள். ரிஹாபின் இடது கை முழங்கைவரை நீலம் பாரித்து வீங்கியிருந்தது. வளையல் சதைக்குள் புதைந்து கிடந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லி, மூச்சு வாங்கி, அடுத்த வார்த்தையைத் தேடினாள். பிறகு உட்கார்ந்தபடியே பக்கத்துத் தட்டின்மேல் சரிந்தாள்.

"தண்ணி," என்றாள் இன்ஷிராஹ்.

"இன்னும் இருபது நிமிஷம்தான் பாங்குக்கு," என்றார் ஹாஜ்ஜா பதறிப்போய். "மூஞ்சில தெளிச்சுப் பாரு. முழு நாளும் இருந்துட்டு இப்ப நோன்பை முறிச்சா பாவமில்லையா."

இன்ஷிராஹ் கவுனை மேலே தூக்கிக் கட்டை அவிழ்த்தாள். வயிறு விடுபட்டு முன்னால் வந்தது. நெஸ்மாவின் மாவுக்கை அப்படியே வாய்க்குப் போனது. ரிஹாப் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் இன்ஷிராஹ் எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, தன்தா, இருபத்தெட்டு முட்டை, கீழே இரண்டு கோடு போட்ட வரி, ஸாமிஹின் பிள்ளை. சொல்லி முடித்துத் தண்ணீர்க் குவளையை அவள் வாயில் வைத்தாள். ஒரு மிடறு உள்ளே போனது, மிச்சம் கழுத்தில் வழிந்தது.

மன்ஸூராவில் பெரிய மருத்துவமனை. வயிற்றில் குழாய் செருகி ஐந்து லிட்டர் நீர் எடுத்தார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர் ஒரு பெண், வெளியே வந்து ஹாஜ்ஜாவுக்குப் புரியும்படி சொன்னாள்.

"ஊசியால சூலகம் ரெண்டும் ஆரஞ்சுப்பழம் மாதிரி வீங்கிருச்சு ஹாஜ்ஜா. அது சுரக்கிற நீரால ரத்தக் குழாய்ச் சுவரெல்லாம் சல்லடையாயிடும். ரத்தத்துல இருக்கிற தண்ணி கசிஞ்சு வயித்துக்கு வந்துடும். குழாய்க்குள்ளே மிச்சமிருக்கிறது கெட்டியாயிடும். இவங்க தண்ணியும் குடிக்கல. கழுத்து ரத்தக் குழாயில ரத்தக் கட்டி. அதுல ஒரு துண்டு பிரிஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கு."

பிறகு குரலை மாற்றாமலே கேட்டாள்: "கழுத்தை யாராவது தேய்ச்சீங்களா?"

கதவு திறந்திருந்தது. பிராணவாயு முகமூடிக்குள் இருந்த ரிஹாப் தலையை அசைத்தாள். இல்லை. யாரும் இல்லை. இன்ஷிராஹ் சுவரோரம் நின்றிருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

ரிஹாப் பிழைத்தாள். கரு மூன்றாம் நாள் வளராமல் நின்றுபோனது. பெருநாள் மருத்துவமனையில் கழிந்தது.

அதற்குப் பிறகு ஆறு மாதம், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஊசி. இன்ஷிராஹ்தான் போட்டாள். "நேத்து என்ன சாப்பிட்டே?" என்று கேட்க நா எழவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா என் கையாலயே அவளுக்குச் சோறு ஊட்டியிருப்பேன்," என்று ஹாஜ்ஜா பார்க்கிறவர்களிடமெல்லாம் அழுதார். ஊட்டியிருப்பாரா என்று இன்ஷிராஹுக்குத் தெரியவில்லை. ஹாஜ்ஜாவுக்கே தெரிந்திருக்காது.

தெரியாத இன்னொன்றுதான் அவளைத் தின்றது. சுகாதார நிலையத்துக்கு வரும் மருத்துவரிடம், யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டுப் பார்த்தாள்: கட்டி இருந்த கழுத்தைத் தேய்த்தால் என்ன ஆகும்? தேய்த்ததால் பிரிந்திருக்கலாம், தேய்க்காமலும் பிரிந்திருக்கலாம், எவராலும் சொல்ல முடியாது என்றார். அவர் ஆமாம் என்றிருந்தால்கூடத் தேவலை. பேருந்தில் முன்னிருக்கையில் யார் உட்கார்ந்தாலும் கழுத்தின் இடப்பக்கம்தான் அவள் கண்ணில் பட்டது. பேத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டால் தூக்கும்போது விரல்களை விறைப்பாக விரித்துக்கொண்டாள். மாவு பிசைவதை விட்டாள். சில நேரம் வெறும் காற்றைக் கட்டைவிரல் தானாக இழுத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரியும்.

இந்த வருடம், ஸாமிஹ் விடுப்பில் வருவதற்குப் பத்து நாள் முன்பு, ரிஹாப் அவளைக் கூப்பிட்டனுப்பினாள். முகம் தெளிந்து, கண்ணுக்கு மை தீட்டியிருந்தாள். தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"கெய்ரோவுல ஒரு டாக்டர் அப்லா. புதுசு. பழைய கதை எதுவும் சொல்லல. அடுத்த வாரம் ஊசி ஆரம்பம்."

"மன்ஸூரா டாக்டர் என்ன சொன்னா? இந்த மாதிரி ஊசி இனி உனக்கு விஷம்னு சொல்லல?"

"சொன்னா. அவளுக்குப் பிள்ளை இருக்கு."

"ரிஹாப், இன்னொரு தடவை அந்த மாதிரி ஆச்சுன்னா நீ ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகமாட்டே."

"இந்தத் தடவை நோன்பு மாசம் இல்ல. தண்ணி குடிப்பேன். மாமிக்கும் ஸாமிஹுக்கும் மட்டும் தெரியக்கூடாது. பயந்துடுவாங்க, விடமாட்டாங்க. அவர் வந்ததும் கெய்ரோவுக்குச் சும்மா ஒரு சோதனைன்னு கூட்டிட்டுப் போயிடுவேன்." இன்ஷிராஹின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் கையில போட்டாத்தான் எனக்குத் தைரியம். அப்லா, அன்னைக்கு அந்த டாக்டர் கேட்டப்போ உன்னைப் பத்தி நான் வாயைத் திறந்தேனா? இன்னைக்கு வரைக்கும் திறந்தேனா?"

மிரட்டலாக அவள் சொல்லவில்லை. ஒரு சினேகிதி இன்னொருத்தியிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அதனால்தான் இன்ஷிராஹ் கையை விடுவித்துக்கொண்டாள். இப்போது எழுந்து வீட்டுக்குப் போனால் நாளை என்று ஒன்று வரும், நாளை மறுநாள் என்று ஒன்று வரும் என்பது அவளுக்குத் தெரியும். தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு இறங்கினாள்.

ஹாஜ்ஜா பச்சைப்பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். "இன்சுலினுக்கு இன்னும் நேரம் இருக்கே," என்றார்.

இன்ஷிராஹ் உட்காரவில்லை. நின்றபடியே கெய்ரோ விஷயத்தைச் சொன்னாள். ஹாஜ்ஜாவின் மடியிலிருந்து பட்டாணி உருண்டு ஓடியது. "யா ரப்பே, அந்தப் பொண்ணுக்கு உயிர் மேலே ஆசையே இல்லையா," என்று தொலைபேசியைத் தேடினார்.

"இன்னொன்னும் இருக்கு ஹாஜ்ஜா. கழுத்தை யாராவது தேய்ச்சீங்களான்னு மன்ஸூராவுல கேட்டாங்களே. நான்தான் தேய்ச்சேன். முந்தின நாள் சாயங்காலம், எண்ணெய் வெச்சு. கட்டி என் விரலுக்குக் கீழேதான் இருந்தது."

ஹாஜ்ஜா தேடுவதை நிறுத்தினார். சமையலறையில் குக்கர் ஒருமுறை சீறி அடங்கியது.

"இதை ஏன் இப்பச் சொல்றே?"

"இதை வெளியே சொல்லாம இருக்கிறதுக்குப் பதிலாத்தான் அவ என்கிட்ட அந்த ஊசியைக் கேக்கறா."

ஹாஜ்ஜா அவளுடைய கைகளைப் பார்த்தார். எட்டு வருடமாகத் தினமும் தன் உடம்பைத் தொட்ட கைகள்.

"எந்தப் பக்கம்?"

இன்ஷிராஹ் தன் கழுத்தில் காட்டினாள்.

ஹாஜ்ஜா மடியில் மிச்சமிருந்த பட்டாணியைத் தட்டில் கொட்டினார். பிறகு, "நெஸ்மா ஊசி போடப் பழகிக்கட்டும். நீ இனிமே வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, குவைத்துக்கு எண்ணை அழுத்தினார்.

இன்ஷிராஹ் வெளிவாசலைத் தாண்டும்போது இரண்டாவது மாடிப் படியில் ரிஹாப் நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. கத்தவில்லை. "நீயும்தானா," என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நெஸ்மாவுக்குத் தெரிந்தது இரண்டு நாளில் தெருவுக்குத் தெரிந்தது. ஸாமிஹ் வந்து கெய்ரோ போகாமலே திரும்பிவிட்டான் என்றும், பதிலுக்கு ரிஹாப் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை என்றும் மருந்துக்கடையில் சொன்னார்கள். அதே மருந்துக்கடைக்காரர் இப்போது வேறொரு பெண்ணின் எண்ணை எழுதிக் கொடுக்கிறார். இன்ஷிராஹ் அவரைக் குறை சொல்லவில்லை.

சென்ற வாரம் பாலத்தடிச் சந்தையில் அவள் ரிஹாபைப் பார்த்தாள். இரண்டு கையிலும் காய்கறிப் பை. கூட்டத்துக்குள் புகுந்து எதிரே வந்தவள், சுவரைப் பார்ப்பதுபோல இன்ஷிராஹைப் பார்த்துவிட்டுக் கடந்துபோனாள். ஸலாம் சொல்ல எடுத்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. பாலத்துக்கு ஏறும் படிகள் அங்கே செங்குத்தானவை. ரிஹாப் பைகளோடு நிற்காமல் ஏறினாள், பாதியில் ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை. அவள் உச்சிக்குப் போய் மறையும்வரை இன்ஷிராஹ் தக்காளிக்காரனுக்கு வழிவிடாமல் அங்கேயே நின்றிருந்தாள்.